கண்டாக்குக் கற்றாழை

கொழும்பிலிருந்து லொறியில் ஐந்து கற்றாழைகள் வந்து இறங்கின. ஐந்தும் ஐந்து ரகம். நோட்டன் பிரிட்ஜ் பஸ் நிற்கிற சந்தியில் பிரதேச சபை புதிதாகக் கட்டிய பூப்பாத்தியில் நட வேண்டுமாம். டேலியா பூக்கிற ஊரில் முள்ளை நடச் சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் வாயைத் திறக்க முடியாது. பதினொரு மாதமாக நான் சபையில் தற்காலிகத் தொழிலாளி. பாத்தி நன்றாக அமைந்தால் நிரந்தரமாக்குவதாகச் சூசைரட்ணம் ஐயா சொல்லியிருந்தார். இப்போது அவர் சபை உறுப்பினர். அதற்கு முன் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு. மலையில் எங்களை வேலை வாங்கியவர். அவர் சத்தம் போட்டால் அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவளும் குனிந்துகொள்வாள்.

தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்று மண்ணை மேடாக்கி, மணலும் சல்லியும் கொட்டி, நானும் என்னோடு வேலை செய்கிற டெல்சியும் நட்டோம். கூடவே வந்த பெயர்த் தாளை மழை கரைத்துவிட்டது. எத்தனை நாளைக்கு 'அந்த முள்ளு, இந்த முள்ளு' என்று சொல்வது? தோட்டத்தில் எங்களை அதிகாரம் பண்ணியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். காலை அகட்டி உட்கார்ந்திருந்ததற்குப் பெரிய தொரை என்று பெயர் வைத்தேன். அதே சாயலில் சிறியது சின்ன தொரை. வெள்ளை நார் நரைமுடியாகத் தொங்கியது கணக்கப்பிள்ளை. தொப்பை போட்டது கங்காணி. ஓரத்தில் ஒன்று, தொட்டாலும் குத்தியது, தொடாவிட்டாலும் குத்தியது.

"கண்டாக்கு!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திறப்பு விழா அன்று நான் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. செடிக்குச் செடி பெயர்ப்பலகை வேண்டும் என்று காலையில் சபையிலிருந்து டெல்சிக்குப் போன் வந்ததாம். அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. ஐந்தையும் எழுதி நட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, இத ஏன்டி எழுதுன?"

"வேற பேரு தெரியாதேக்கா!"

பிடுங்கக் குனிவதற்குள் ஐயாவின் வேன் வந்து நின்றது. என் நியமனக் கடிதம் அவர் கையிலிருந்த உறையில் இருந்தது.

ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பலகை முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தார். முள்ளைத் தொட்டுப் பார்த்தார். குத்தியது. விரலை உதறினார்.

"பூரணி, இத யாரு இங்க நட்டது?"

"நாந்தாங்கையா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதினெட்டு வருஷம் என் மலையில வேல செஞ்சிருக்க. வரிசை தெரியாதா ஒனக்கு? கணக்கப்புள்ள, கங்காணிக்கெல்லாம் பின்னாடியா கண்டாக்கு நிப்பான்?"

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கே சின்ன தொரைக்குப் பக்கத்துல மாத்தி நடு." உறையை என் கையில் திணித்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "முள்ள மட்டும் வெட்டிறாத."

மறுநாள் அவரைத் தோண்டி எடுத்து மாற்றி நட்டேன். ஏழு இடத்தில் குத்தினார்.