வாய்தா வாங்காதவள்

அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கழற்ற மகள் திணறிக்கொண்டிருந்தாள். போட்டிருந்தவளைப் போலவே கொக்கியும் பிடிவாதம் பிடித்தது. கூடம் முழுக்க மகளிர் சங்கத்துப் பெண்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வந்த ஓர் இளம்பெண், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் மகளிடம் திரும்பினாள். "அக்கா, இன்னைக்கு என் கேஸு. நாளைக்கு என் வீட்டுக்காரர் புள்ளைய வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போறார். மேடம் இன்னைக்கே தடை வாங்கித் தரேன்னாங்க."

சங்கத் தலைவி அவள் முதுகைத் தடவினார். "பயப்படாதம்மா. வக்கீல் தவறிட்டா கேக்காமலே வாய்தா கொடுத்துடுவாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். பெண்ணின் முகம் வெளிறிப்போனது. வழக்கைத் தள்ளிவைத்தால் பிள்ளை விமானம் ஏறிவிடும்.

அம்மாவுக்கு வாய்தா என்றாலே எட்டிக்காய். "தள்ளிப்போட்டா அடிக்கிறவனுக்குத்தான் லாபம்" என்பாள். மகளின் கல்யாணத்தன்றுகூட ஒரு வழக்கை முடித்துவிட்டு, கறுப்பு கோட்டோடு ஓடி வந்து சேர்ந்தாள். மகள் அதை மன்னிக்கவே இல்லை. அவளும் சட்டம் படித்தவள்தான். ஆனால் அம்மாவோடு சேராமல், ஏதோ ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதப் போய்விட்டாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "மத்தியானமே எடுத்துடலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோமேப்பா..."

"அவ எங்கயும் ஓடிட மாட்டா. இன்னைக்குத்தான் வீட்ல இருக்கா. நீ போயிட்டு வா."

மகள் வக்காலத்தில் வக்கீலாகத் தன் பெயரை எழுதி, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினாள். நீதிமன்றப் படியேறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மா போனது எங்க எல்லாருக்குமே இழப்பும்மா. ரெண்டு வாரம் தள்ளி வைக்கிறேன்."

"எங்களுக்கும் ஆட்சேபணை இல்லைங்க" என்று முந்திக்கொண்டார் எதிர்த்தரப்பு வக்கீல். கைப்பையைக்கூட மூடிவிட்டார்.

"வாய்தா வேண்டாங்கய்யா." மகள் வழக்குக் கட்டைப் பிரித்தாள். "நானே வாதாடறேன்."

மூடிய பை மறுபடியும் திறந்தது.

அவள் வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டி வந்து வெகுநேரமாகக் காத்திருந்தது. "அப்பா யாரையும் தொட விடமாட்டேங்கறார்மா" என்று சங்கத் தலைவி அலுத்துக்கொண்டார். அப்பா அம்மாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"தடை கொடுத்துட்டாங்கப்பா."

அப்பா சிரமப்பட்டுக் குனிந்து, அம்மாவின் காதருகே அதைச் சொன்னார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

"இப்போ தூக்குங்க."