ஒரே சேலையில் ஒன்பது டீச்சர்கள்

ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வரிசையாக நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா. உங்கள் மகளும் டீச்சராகலாம்."

மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஏறி வந்தது. ஹட்டனில் ஒரு கடை மாடியில் நடக்கும் தனியார் கல்லூரியின் வண்டி. பகல் நிறுவை நேரம் பார்த்துத்தான் வரும். அம்மாமார் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்களே.

லயத்து வீட்டிலிருந்து சர்மிளா ஓடி வந்தாள். போன மாதம் இந்தக் கல்லூரியில் சேர, இதே மடுவத்தில்தான் அவள் பிறப்புச் சான்றிதழையும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையும் பள்ளி விடுகைப் பத்திரத்தையும் கொடுத்தாள். பிரதி வேண்டாம், ஒரிஜினல்தான் வேண்டும் என்றார்கள். அம்மா அம்மாக்கண்ணுதான் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

முந்தாநாள் அரசாங்கக் கல்வியியற் கல்லூரியிலிருந்து சர்மிளாவுக்குக் கடிதம் வந்தது. நாளை காலை எட்டரைக்கு நேர்முகத் தேர்வு. படிப்பு இலவசம், முடித்தால் அரசாங்க நியமனம். ஒரிஜினல்கள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்றும் அதில் இருந்தது. நேற்று ஹட்டன் மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டாள். சேர்த்துவிட்ட ஜீவராணியிடம் கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோவிலிருந்து ஜீவராணி இறங்கினாள். இதே தோட்டத்தின் மேல் டிவிசன்காரி. கல்லூரியின் நோட்டீசில் நீலக்கரைச் சேலையோடு சிரிப்பவள் அவள்தான். அதே சேலை இப்போது அவள் கையில் இருந்தது. சேருகிற பிள்ளைக்கு அதைக் கட்டிவிட்டு, சோக்குக் கட்டி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். சர்மிளாவின் படம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

"எனக்கும் ஒரு படம் எடுங்க டீச்சர், கூடையோட," என்றாள் வரிசையில் ஒருத்தி.

"மொதல்ல கொழுந்தக் கொட்டு. டீச்சராவுறத அப்புறம் பாக்கலாம்," என்றார் கணக்கப்பிள்ளை.

சிரிப்பு அடங்குமுன் சர்மிளா குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, என் ஒரிஜினலக் குடுங்க."

"கொழும்புக்குப் போயிருக்கு பாப்பா. பதியணும்ல."

"நேத்து ஹட்டன் மாடி அலுமாரியில என் பைலப் பாத்தேன். அம்மா ஒட்டின மஞ்சப் பேப்பரோட."

ஜீவராணி சேலையை மடிப்பது போல் பாவனை செய்தாள். அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவிட்டு வந்தாள். "தாயி, ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க. காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவோம். நானே கொண்டாந்து தாறேன்."

"என் கையில இல்லம்மா."

"அப்ப ஆரு கையில?"

சர்மிளா இன்னும் கிட்டே வந்தாள். "நீங்க டீச்சருன்னுதானே அம்மா நம்புனாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறீங்க? அதச் சொல்லுங்க."

ஆட்டோக்காரனுக்கு ஜீவராணி கை காட்டினாள். ஒலிபெருக்கி நின்றது. தராசுக் கொக்கியில் மாட்டிய சாக்கு ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. மடுவத்தின் மூலையில், இன்று சேர வந்திருந்த வீரய்யாவின் மகள் சுதர்ஷினி, நீலக்கரைச் சேலை தனக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராணியும் அவளைத்தான் பார்த்தாள். பிறகு சர்மிளாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நீ ஒம்பதாவது ஆளு, பாப்பா. பத்துப் பேரச் சேத்துக் குடுத்தாத்தான் என் ஒரிஜினலயே தருவாங்க."