கிட்ட வர்ற லீவர்

"மால கொண்டாந்தா மாலயப் போடுய்யா! பொட்டலத்த ஏன் அவன் நெஞ்சு மேல வைக்கிற?" என்று செத்துப்போன துரையின் அக்கா செல்லம்மா அதட்டியபோதுதான், வந்தவன் பதறிக் கையைப் பார்த்தான். மாலை இடது கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலம் துரையின் மார்பில் கணகணவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது.

துரையின் தலைமாட்டில் இருந்த அவர் மனைவி வேண்டா நிமிர்ந்து பார்த்தாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார் துரை. சொம்போடு அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது ஊரப்பாக்கத்திலிருந்து மகள் திவ்யா வந்துசேர வேண்டும். அவளுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

"செங்கல்பட்டுல ஸ்பேர் பார்ட்ஸ் கட வச்சிகீறேன், பேரு சீனு," என்றான் வந்தவன், பொட்டலத்தைத் தூக்கி மாலையைச் சார்த்திவிட்டு. "அண்ணாத்த பத்து நாளா என் கடைக்கு நடந்துகினு இருந்தாரு. பைக்குக்கு லீவர் கேட்டு."

"இன்னா லீவரு?" என்றான் துரையின் தம்பி ஆனந்தன்.

"கைல புடிக்கறது. கிளட்ச் ஒண்ணு, பிரேக் ஒண்ணு. சாதாரணமா வரத காட்டினேன், தள்ளி நிக்குதுன்னாரு. ஓட்ட ஓட்டயா போட்ட அலுமினியம் காட்டினேன், பசங்க அதுக்குத்தான் அடிச்சிக்கிறானுங்க. ஷோக்கு வேணாம், கைப்பிடிக்குக் கிட்ட வரணும்னாரு. ஒவ்வொண்ணயும் ஒரு காயிதத்து மேல வச்சி வச்சிப் பாத்தாரு. பொண்ணு பாக்க வரவன்கூட அவ்ளோ நேரம் பாக்க மாட்டான். கடைசில மெட்ராஸ்ல சொல்லி வரவச்சேன். காலைல பார்சலு வந்துச்சி. பின்னாடியே இந்தச் சேதியும் வந்துச்சி."

"அது இன்னா காயிதம்?"

சீனு வெகுளி. பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டான்.

காலண்டர் தாளின் பின்பக்கம். ஒரு கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்திருந்தது. ஆனந்தன் அதை வாங்கி அண்ணனின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். துரையின் கை முறம் மாதிரி. தாளில் இருந்ததோ, குட்டை விரல்களோடு ஒரு சின்னக் கை.

செல்லம்மா தாளைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். மணிக்கட்டுப் பக்கம் கோடு நேராக இல்லை. மேடும் பள்ளமுமாகக் குதித்துக் குதித்துப் போயிருந்தது.

"வளையலு! வளையல் மேலயே பென்சில ஓட்டிகீறான்! இது பொம்பள கைடா!"

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. அதுவரை அழுதவர்களின் முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு வந்துவிட்டதை என்னவென்று சொல்வது?

"வாரா வாரம் திருவிடந்தைக்கு லாரில சவுக்குக் கட்டை ஏத்திகினு போவாரே," என்றது ஒரு குரல்.

"இறக்க அரை மணி நேரம். திரும்பி வர சாயங்காலம்," என்றது இன்னொன்று.

"அடப்பாவி! என் தம்பியா நீ?" என்று செல்லம்மா பிணத்தைப் பார்த்தே கேட்டாள். அப்படியும் மனம் ஆறவில்லை. தன் வலது கையைத் தாளில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. பக்கத்திலிருந்தவள் வைத்தாள், அவளுக்கும் பொருந்தவில்லை. தாள் ஒப்பாரி வட்டத்தைச் சுற்றி வந்தது. கட்டைவிரல் ஒருத்திக்கும் சரியாக அமையாததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. வேண்டாவிடம் மட்டும் யாரும் நீட்டவில்லை. வண்டியில் ஒருக்களித்து உட்கார்ந்து பையை அணைத்துக்கொண்டு போகிறவளுக்கு லீவர் எதற்கு?

வேண்டா தலையைக் குனிந்துகொண்டாள். செங்கல்பட்டு டாக்டர் நெஞ்சைச் சோதித்த மறுநாளே துரை ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டினு போவா? ஆனந்தனா? அவன் தல வாரி பவுடர் போட்டுகினு வரதுக்குள்ள நான் போயே சேந்துடுவேன். நீ ஓட்டக் கத்துக்க." ஊர் உண்டு உறங்கும் மத்தியானங்களில், சருகு கூட்டுகிற சாக்கில், சவுக்குத் தோப்பு மண் பாதையில் இரண்டு மாதம் ஓட்டினாள். பிரேக் எப்படியோ எட்டியது. கிளட்சுதான் விரலை விட்டு நழுவும். வண்டி ஆட்டுக்குட்டி போலத் துள்ளி அணைந்துவிடும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் ஊர் சிரிக்கும்.

இப்போது சொன்னாலும் சிரிக்கும், புருஷனைக் கிடத்தி வைத்துக்கொண்டு. சொல்லாவிட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் திவ்யா வாசலில் இறங்கும்போது முதலில் காதில் விழப்போவது அப்பாவின் திருவிடந்தைக் கதை.

"அந்தக் காயிதத்த இப்புடி குடுங்க," என்றாள் வேண்டா.

தரையில் விரித்து, எல்லோரையும் போல வலது கையைத்தான் வைத்தாள். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போயிற்று. "உனுக்கும் இல்லடி," என்றாள் செல்லம்மா பரிதாபமாக.

வேண்டா கையை எடுத்தாள். இடது கையை வைத்தாள்.

குட்டை விரல் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்ப் படுத்தது. வளையல்கூட மேட்டுக்கு மேடு உட்கார்ந்தது.

ஆனந்தன்தான் முதலில் தேறினான். "அண்ணி, கிளட்ச் எந்தக் கை?"

"அதான் வச்சிகீறேனே. இந்தக் கைதான்."

"எது வரைக்கும் ஓட்டுவ?"

"மூணாவது கியரு வரைக்கும். ஆடு குறுக்க வராம இருந்தா."

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சீனு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, உங்க பேரு இன்னா?"

"வேண்டா." மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு அவள் அப்பா வைத்த பெயர்.

சீனு தலையில் அடித்துக்கொண்டான். "யாருக்குண்ணே லீவருன்னு கேட்டேன். 'வேண்டா'ன்னாரு. கேள்வி கேக்க வேண்டாங்கறாருன்னு நெனச்சி நானும் வுட்டுட்டேனே!"

"சொல்லிட்டாரா?" என்றாள் வேண்டா. "சத்தியம் பண்ணிட்டு, உங்கிட்ட சொல்லிட்டாரா?"

செல்லம்மா மூக்கைச் சிந்தி எழுந்தாள். தம்பியைச் சந்தேகப்பட்டதற்கு யாரையாவது அதட்டியாக வேண்டும். "இன்னாய்யா பாத்துகினு நிக்கிற? அவன் கெளம்பறதுக்குள்ள மாட்டிக் குடு. இல்லனா அந்த நெனப்புலயே வூட்டச் சுத்திகினு கெடப்பான்."

வாசலோரம் நின்ற வண்டியில் பழைய லீவர்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினான் சீனு. சாவுமேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெண்கள் வேண்டாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தினார்கள்.

"புடிச்சிப் பாருக்கா. இதுல ஒரு திருகாணி கீது, திருகினா இன்னும் கிட்ட வரும்."

அவள் பிடித்தாள். நான்கு விரலும் எட்டின. சிரமமில்லாமல் அமுங்கியது. விட்டாள். மறுபடி பிடித்தாள்.

தெருமுனையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டது. திவ்யாதான்.

"சரியாக் கீதா அக்கா? போதுமா?"

வேண்டா லீவரை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றாள்.

அதற்கு மேல் அது வராது என்று சீனுவுக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து திருப்புளியை எடுத்தான்.