தம்ளருக்குள் கத்திய கருவி

கமாலுதீன் பாய் ஒரு கெளுத்தி பிடித்தால், சாதிக்கின் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது சுறாவாகிவிடும். இரண்டாவது கிளாஸ் தே தாரிக் டீ முடிவதற்குள் அவரையே விழுங்கப் பார்த்திருக்கும். பாயான் பாரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் மின்கருவிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர், இப்போது பத்து மாவுங் கடற்கரையில் சின்னப் படகு வைத்து வலை போடுகிறார்.

டால்பின்கள் வலையில் சிக்காமலிருக்க, கடலுயிர் ஆய்வாளர் ஃபஸீலா, பாயுடையது உட்படப் பத்துப் படகுகளுக்குத் தலா இரண்டு ஒலிக்கருவிகள் கொடுத்திருந்தாள். வலையில் கட்டினால், தண்ணீர் பட்டதும் கீச்சிடும். டால்பின் ஒதுங்கிப் போகும். ஆறு மாதச் சோதனை. பலன் தெரிந்தால்தான் மற்றப் படகுகளுக்கும் கிடைக்கும்.

எதையும் சோதிக்காமல் விடுகிற கையா பாயுடையது? தினமும் இரண்டையும் சாதிக் கடைக்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தம்ளரில் போட்டு, மத்தியானம்வரை கத்தவிடுவார்.

“சுமத்ரா வரைக்கும் கேக்கும்லா. அங்க பூனைங்க சோறு தின்றதில்லையாம்.”

“இங்க என் கஸ்டமருங்களும்தான், பாய்,” என்பார் சாதிக்.

நாலாவது மாதம் ஒரு காலையில் வலை கனத்தது. ஆசையாக இழுத்தார். சாம்பல் நிற டால்பின். மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்திருந்தது. குட்டியொன்று படகைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கருவிகளைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமுக்கினார். சத்தமில்லை. ஒரு வருஷம் வரவேண்டிய பேட்டரி, தம்ளரிலேயே கத்தித் தீர்ந்திருந்தது.

கரையில், பக்கத்துப் படகு மோகனராஜ் தன் வலையிலிருந்த கருவியை அறுக்கக் கத்தியை விரித்துவிட்டார். “நான் அப்பவே சொல்லல? இது வேலைக்காவாது, பாய். எல்லாரும் அறுத்துப் போட்டுறோம்.”

ஃபஸீலா நோட்டோடு வந்தாள். “கருவி கட்டியுமா மாட்டிச்சு, அங்கிள்?”

தலையாட்டினால் போதும், பழி கருவிமேல் போய்விடும். கொம்தார் கோபுரத்தின் உயரத்துக்கு எழுந்த அலை கருவியை நாசமாக்கிய கதையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“பேட்டரிய நான்தான் தீத்தேம்மா. சாதிக் கடையில, தம்ளர்ல போட்டு.”

மோகனராஜ் சிரித்தார். “பாய் ஆரம்பிச்சுட்டாரு.” கத்தியைக் கருவி கட்டிய கயிற்றில் வைத்தார்.

ஃபஸீலாவுக்கும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. “பக்கத்துல வேற டால்பின் இருந்துச்சா?”

எதை எண்ணிச் சொன்னாலும் முப்பதுக்குக் கீழே இறங்காத மனிதர் கடலைப் பார்த்தார்.

“ஒண்ணு. பால்குடி. இன்னும் அங்கதான் சுத்திட்டு இருக்கும்.”

அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்ன எண்ணை மோகனராஜ் கேட்டதே இல்லை. கத்தியை மடக்கினார்.