தொப்பி வைத்த கடல்நாய்

கிளாஸ்கோவின் பழைய சுரங்க ரயிலுக்கு ஒரு பக்கம்தான் முகம். நிலையங்களில் எல்லாம் நடைமேடை நடுவில், தண்டவாளம் இருபுறமும். அதனால் வண்டிக்கு ஒரு பக்கம் மட்டுமே கதவு. மறுபக்கம் காலமெல்லாம் சுரங்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே சுற்றும். என் தாத்தா காலத்தில் அதே மரப்பெட்டிகளைக் கம்பிவடம் இழுத்தது, பிறகு மின்சாரம் வந்தது. சுவர்ப் பக்கத்தை மட்டும் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. எவர் பார்க்கப் போகிறார் என்று பெயிண்டர்களும் அதைத் தொடுவதில்லை.

என் ஃபெர்கஸ் தொட்டான். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

ராணிக்கு முடிசூட்டிய ஐம்பத்துமூன்றாம் வருஷம் அது. நான் வண்டியில் கண்டக்டர். ஃபெர்கஸ் கோவன் பணிமனையில் பெயிண்டர். ஆள் நெட்டை, ஒல்லி. அந்தப் பணிமனைக்கு ஃபோர்மேன் என் அப்பா, பெட்டிகுரூ. பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொந்தி, தலையில் எந்நேரமும் உருண்டைத் தொப்பி, வாயில் விசில். ஞாயிற்றுக்கிழமை ஃபெர்கஸ் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து பெண் கேட்டான். அப்பா சூப்பைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"மொதல்ல இவன் வேலையப் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

நான் அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டே திரிந்தேன். எனக்கு அவனைத் தவிர வேறு ஆள் வேண்டாம்.

பணிமனை மேலே, தண்டவாளம் கீழே. பெட்டிகளைக் கிரேனில் தூக்கித்தான் குழிக்குள் இறக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை, பெட்டி அந்தரத்தில் தொங்கும்போதே கிரேன்காரர் இருவருக்கும் பந்தாட்டச் சண்டை வந்துவிட்டது. ஒருவன் நீலக் கட்சி, ஒருவன் பச்சைக் கட்சி. "ஒங்காளு பெனால்டிய விட்டாண்டா!" என்று ஒருவன் கையை வீசிப் பெட்டியைத் தள்ள, அது அரைவட்டம் சுற்றியது. சண்டை சுவாரசியத்தில் அப்படியே இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் வண்டி. கோவன் நடைமேடையில் கப்பல் கட்டும் தளத்துக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். முன்பெட்டியிலிருந்து குதித்து, பின்பெட்டிக் கதவைத் திறக்கப் போனேன். கதவைக் காணோம். கதவு இருக்க வேண்டிய பக்கம் முழுக்கச் சுரங்கக் கரி. கரிக்கு நடுவே ஒரு பெரிய கடல்நாய். பெரிய மீசை, பெரிய தொந்தி, தலையில் உருண்டைத் தொப்பி, வாயில் விசில்.

நிலையமே சிரிப்பில் அதிர்ந்தது.

"அடேய், நம்ம பெட்டிகுரூடா!"

"மீசையப் பாரு, அச்சு அசல்!"

"யாராச்சும் ஒரு மீனத் தூக்கிப் போடுங்கப்பா!"

சத்தம் கேட்டு அப்பாவே படியிறங்கி வந்தார். கூட்டம் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வழிவிட்டது. அவர் கடல்நாயைப் பார்த்தார். கடல்நாய் அவரைப் பார்த்தது. என் கல்யாணம் அந்த வண்டியோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

"யார் வேலை இது?"

ஃபெர்கஸ் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருத்தரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பைத்தியக்காரன், கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "நான்தான் சார்."

அப்பா கைக்குட்டையால் கரியைத் துடைத்தார். விரலால் தடவினார். மூக்கு உரச உற்றுப் பார்த்தார்.

"வார்னிஷ் எத்தனை பூச்சு?"

"மூணு சார்."

"ஜனங்க பாக்கற பக்கத்துக்கு?"

"ரெண்டு... சார்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"வேலையப் பாத்துட்டேன், சுத்தமான வேலை. கல்யாணத்துக்கு நாள் பாத்துக்க. ஆனா ஒண்ணு, சாப்பாட்டு மேசைல இவன எம் பக்கத்துல மட்டும் உக்கார வெச்சுடாதே."

பெட்டியை மறுபடி தூக்கித் திருப்பி வைத்தார்கள். கடல்நாய் சுவரைப் பார்க்கப் போனது. எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, ரோத்சே கடற்கரைக்குத் தேனிலவு போனோம், பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பா சொன்ன சொல் மாறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மேசையின் அந்த முனையில் அவர், இந்த முனையில் ஃபெர்கஸ். பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. "அந்தப் பெயிண்டர்கிட்ட உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் என்னிடம். ஃபெர்கஸ் சிரித்துக்கொள்வான். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "ஒங்கப்பாவுக்கு என்னைப் புடிக்கவே இல்லைல்ல?" என்று கேட்பான்.

எழுபத்தேழாம் வருஷத்தில் பழைய வண்டிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கினார்கள். ஊரே திரண்டு கைதட்டியது. எங்கள் பெட்டி மேலே வந்ததும் ஃபெர்கஸ் துணியோடு ஓடினான். கடல்நாயைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே போனவன் நின்றுவிட்டான்.

கடல்நாய்க்குப் பக்கத்தில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. நெட்டைக் கொக்கு, அலகில் பெயிண்ட் பிரஷ். குழந்தை கிறுக்கியது போல் கோணல்மாணலாக இருந்தது. கடல்நாய்க்குப் புதிதாக ஒரு கை முளைத்து, கொக்கின் தோள்மேல் விழுந்திருந்தது.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா இது?" என்றேன்.

"நீங்க ரோத்சே போயிருந்தீங்கல்ல, அப்ப."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சுவர்ப் பக்கம்தானேம்மா. யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்."

ஃபெர்கஸ் கண்ணைத் துடைத்தான். கரித்துணியால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. மெல்லப் போய்ப் பெஞ்சருகே நின்றான். "கொக்குக்குக் கால் கோணலா இருக்கு சார்."

"நான் ஃபோர்மேன்டா, பெயிண்டரா என்ன?" என்ற அப்பா, தொந்தியை இழுத்துக்கொண்டு தள்ளி இடம்விட்டார். "உக்காரு, ஃபெர்கஸ்."