போன வாரம் செத்துப்போன அம்மா

மேடையில் பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து நீலக் கைக்குட்டையை உருவியதுமே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், மைக்கைக் கொஞ்சம் விலக்குவார், தொண்டையைச் செருமுவார் என்று தெரியும். கழற்றினார். விலக்கினார். செருமினார். போன வாரம் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இதே மனிதர், இதே கைக்குட்டை, இதே செருமல். டை மட்டும் வேறு.

அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் வீட்டில் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று குளத்துப் பல்கலைக்கழகம். வாசலில் ஒரு குளம், அதில் சம்பளத்துக்கு நீந்துவதுபோல் சில வாத்துகள். மற்றது கண்ணாடிப் பல்கலைக்கழகம். கட்டடம் மொத்தமும் கண்ணாடி, உள்ளே ஒரு முட்டையை வைத்தால் பாடம் முடிவதற்குள் குஞ்சு பொரித்துவிடும். இரண்டிலும் வணிக நிர்வாகப் பட்டப்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எதில் சேர்வது என்பதுதான் ஒரு வாரமாகச் சண்டை. குளத்துக்கு அவள் அம்மாவோடு போயிருந்தாள். அங்கே துறைத் தலைவர் என்று மேடையேறிய இவர், தன் தாயின் கதையைச் சொன்னார். தையல் மிஷினை விற்றுப் படிக்கவைத்த தாய். மகனின் பட்டச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துத் தடவி, 'அழகா இருக்குப்பா' என்ற தாய். அன்றிரவே கண்ணை மூடிய தாய். அம்மா விட்ட கண்ணீரில் குளம் ஒரு முழம் ஏறியிருக்கும். வாத்துகளே திரும்பிப் பார்த்தன. அவளும் அழுதாள். படித்தால் இந்த மனிதரிடம்தான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்டுக்குக் காது கொடுப்பார், பிறகுதான் மனிதர்களுக்கு. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. வெங்காயமே அவரிடம் தோற்றுப் போய்விடும். மேடையில் அழுகிறவனை நம்பியா படிக்கப் போகிறாய் என்று ஒரு வாரம் அவளை வறுத்தெடுத்தார். உங்களுக்கு நெஞ்சுக்குள் இருப்பது லிஃப்டின் இரும்புக் கயிறுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போனார். கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அம்மா நடுவில் புகுந்ததால் இன்று அவளும் அப்பாவும் இங்கே.

இங்கேயும் இவர்தான் துறைத் தலைவராம். வேலை மாறியிருப்பாரோ என்று முதலில் அவளே அவருக்காகச் சாக்குத் தேடினாள். கதை தொடங்கியதும் அதுவும் போயிற்று. கூட்டத்தில் தகப்பன்மார் அதிகம். வாசலிலேயே எடை போட்டிருப்பார் போல. தையல் மிஷின் சைக்கிளாகியிருந்தது. தாய் தகப்பனாகியிருந்தார். தகப்பன் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்தார். 'அழகா இருக்குப்பா' மட்டும் எழுத்துப் பிசகாமல் அப்படியே.  யாரோ மென்று துப்பியதை எடுத்து வாயில் போட்டு, ருசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுபோல் அவள் நாக்கு கூசியது. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள்.

அப்பா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை. கிரீஸ் கறை போகாத விரல்களால் மூக்கைப் பிடித்திருந்தார்; தோள் மட்டும் குலுங்கியது. அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கும் படிக்கத் தெரியாதும்மா," என்றார். "எனக்கு லிஃப்ட் வேலைக்கு லைசென்ஸ் வந்தப்ப, அத மடிச்சு அவர் சட்டப்பையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனாரு. அது இல்லாம நான்தான் வேலைக்குப் போக முடியாம உக்காந்திருந்தேன்."

பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி வரிசை வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். கையில் லேசாகப் பன்னீர் வாசனை. எந்த ஸ்கூல் என்று அவளைக் கேட்டார். போன வாரமும் கேட்டார்.

"உங்கம்மா சௌக்கியமா சார்?" என்றாள்.

மனிதர் இமைகூட அசைக்கவில்லை. "நல்லா இருக்காங்கம்மா. என்கூடத்தான் இருக்காங்க. அவங்க கையால சாப்பிட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

போன வாரம் செத்துப்போன அம்மா இந்த வாரம் சமைக்கிறார். அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் அப்பா அவள் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா, பெத்தவள எப்படி வச்சிருக்காரு. நீ சொன்னதுதாம்மா சரி, எனக்குத்தான் புரியல. ஆனா அந்தக் குளத்துக்காரர் வேணாம். அவரு இவர் கால்தூசி பெறமாட்டாரு. இங்கயே சேந்துடு."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையில் விழுவது பேராசிரியர் மட்டுமல்ல. சட்டைப்பையில் லைசென்சோடு ஊர் சுற்றிய தாத்தாவும் சேர்ந்து விழுவார். வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் அதே எச்சில் ருசி.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, அரங்குக்குள் அடுத்த கூட்டத்துக்குப் பேச்சு தொடங்கியிருந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு செருமல். 'அழகா இருக்குப்பா' என்று அவள் உதடுகள் தாமாகவே அசைந்தன.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

கதவு மூடியதும் லிஃப்ட் பல்லைக் கடிப்பதுபோல் நறநறவென்று அரைத்துக்கொண்டு இறங்கியது. அப்பா காது கொடுக்கவில்லை. இடம் கிடைத்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்தபடி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே நின்றார்.