பஞ்சு மாதிரி சப்பாத்தி

பைப்புக்குள் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சக்கரபாணிக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால்தான், மருமகள் சுமலதா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்ச் சாக்கடைத் துளை முன்னால் குந்தியதும் அவர் பின்னாலேயே போய் நின்றார்.

“நீ எழுந்திரும்மா. வாரத்துல ஒரு நாளு லீவு. பெரிய மார்க்கெட்டு பக்கம் போயி ஒரு முழம் பூ வாங்கிக்கினு வா. இத நான் பாத்துக்குறேன்.”

“நல்லா இருக்குதே மாமா! உங்கள அழுக்குல குந்த வச்சிட்டு நான் பூ வாங்கப் போறனா? முத்தியால்பேட்டையே கைகொட்டிச் சிரிக்கும்.”

அவர்கள் வாடகைக்கு இருந்தது கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரி அஞ்சலாட்சி. மேலே பாத்திரம் கழுவும் தண்ணீரும் கீழே கழுவும் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போகவேண்டும். இரண்டு நாளாகப் போகவில்லை. மேலே கழுவினால் கீழே பொங்கியது. அஞ்சலாட்சி வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பும் கடுகும் இவர்கள் துணி துவைக்கிற இடத்தில் வந்து மிதந்தன. கடையில் விற்கிற பவுடரை வாங்கிப் போட்டார்கள், நுரைத்தது, அடங்கிவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மகன் பிரேம்குமார் ஒரு குண்டான் வெந்நீரைக் கொட்டிப் பார்த்தான். வெந்நீர் பட்டால் இன்னும் இறுகிக்கொள்ளுமடா என்று சக்கரபாணிக்குத் தொண்டைவரை வந்தது. ‘எது இறுகும்?’ என்று கேட்டுவிட்டால்? விழுங்கிக்கொண்டார்.

சங்கதி இதுதான். மனைவி கன்னியம்மாள் போனபிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டவர் அவர். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, ராத்திரியில் சோறு கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுமலதா துணிக்கடையில் பகலெல்லாம் நின்ற காலோடு வந்து, மாமனாருக்கென்று சப்பாத்தி தேய்த்தாள். முதல் நாள் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். “எப்பிடி மாமா இருக்குது?” என்றாள்.

வாயில் இருந்ததோ பல்செட்டு. தட்டில் இருந்ததோ செருப்புத் தோல். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வீட்டில் தனக்கென்று ஒருத்தி ஆக்கிவைத்துவிட்டு இப்படிக் காத்து நின்று எத்தனை காலமாகிறது!

“பஞ்சு மாதிரி இருக்குதும்மா.”

அந்த ஒரு சொல்லுக்கு மறுநாளிலிருந்து தட்டில் ஒரு சப்பாத்தி கூடிவிட்டது.

அவள் குளிக்கப் போகிற சமயம் பார்த்து, அவர் அத்தனையையும் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கத் துளைக்குள் விரலால் தள்ளிவிடுவார். குப்பையில் போடலாமென்றால் குப்பைப் பையைக் கட்டுகிறவளும் அவள்தான். ஊறினது தானாகக் கரைந்து போய்விடும் என்று நம்பினார். ராத்திரிப் பசியைக் காலையில் டீக்கடையில் ஒரு பன்னை நனைத்துத் தின்று ஆற்றிக்கொள்வார். கோதுமை கரையுமா? போஸ்டர் ஒட்டுகிறவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

சுமலதா ஜன்னல் திரையிலிருந்து ஸ்பிரிங் கம்பியைக் கழற்றி, நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு வந்தாள். சக்கரபாணி முந்திக்கொண்டு அதை வாங்கித் துளையில் விட்டார். விட்டார், எடுத்தார். விட்டார், எடுத்தார்.

“மாமா, குத்துறீங்களா, தடவிக் குடுக்குறீங்களா?”

“பழைய பைப்புமா. ஒடைஞ்சிதுன்னா மாடியில அந்தம்மா அதுக்கு வேற கத்தும்.”

“அவங்க கத்தாத நாளு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

“காதுல வுழுதுடி!” என்று மாடியிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அஞ்சலாட்சியும் படியிறங்கி வந்தாள்.

சுமலதா நாக்கைக் கடித்துக்கொண்டு, மாமனார் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். ஓங்கிக் குத்தி, முறுக்கி, ஒரே இழுப்பாக இழுத்தாள். கொக்கியோடு வெள்ளையாக ஒரு கட்டி வந்து தரையில் விழுந்தது. மறுபடி இழுத்தாள். இன்னொரு கட்டி.

அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். “இன்னாடி இது, பசையா? மாவக் கரைச்சி ஊத்தினியா பைப்புல?”

சுமலதா மறுபடி கம்பியை விட்டு இழுத்தாள். மூன்றாவதாக வந்தது முழுதும் ஊறாத துண்டு. அதில் தோசைக்கல் சுட்ட பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அவள் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான்க்கா” என்றாள் சுமலதா. “மீந்து போச்சி. குப்ப வண்டி வரலியேன்னு இதுல கொட்டிட்டேன்.”

“சோத்தச் சாக்கடையில கொட்றவ குடும்பம் வெளங்குமாடி? நாலு காசு சம்பாதிச்சா திமிரு வந்துடுது இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு. மாமனாருக்கு ஒரு வாய் ஒழுங்கா போடுறியோ இல்லியோ!”

சக்கரபாணி திரும்பினார். “யம்மா, நிறுத்து. அது இல்ல. நான்தான்.”

“மாமா, நீங்க சும்மா இருங்க.”

“எத்தினி நாளைக்கும்மா சும்மா இருக்குறது? இந்தப் பொண்ணு எனக்குன்னு நின்னுக்கினே சப்பாத்தி தேய்க்குது. என்னால மெல்ல முடியல. அது மனசு நோவக்கூடாதுன்னு நான்தான் பைப்புல தள்ளிவுட்டேன். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

“முடியலன்னா சொல்றது? வாயி இல்ல?” என்றாள் அஞ்சலாட்சி.

“வாயி இருக்குது. பல்லுதான் இல்ல.”

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு வாய்ச்ச மாமனாரு, கொழம்பு ஆறிப்போச்சின்னு தட்டோட தெருவுல வீசினாரு. இவரு இன்னாடான்னா சத்தமில்லாம பைப்புல தள்ளியிருக்காரு! நல்லா குத்தி வுடுடி, நான் மேல ரெண்டு பக்கெட்டு ஊத்துறேன்.”

அவள் படியேறிப் போனாள். இருவருக்கும் நடுவே அந்தக் கட்டிகள் கிடந்தன. சுமலதா மறுபடியும் குத்தத் தொடங்கினாள். வேண்டியதற்கு மேலேயே குத்தினாள். மேலேயிருந்து தண்ணீர் தடதடவென்று இறங்கி வந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு கொடகொடவென்று பெரிய சத்தத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

“பஞ்சுன்னு சொன்னீங்களே மாமா” என்றாள், துளையைப் பார்த்தபடியே.

“நீ நின்ன நிலைக்கு வேற இன்னா சொல்றது?”

“அப்போ ராத்திரியெல்லாம் பட்டினி.”

“பட்டினின்னு இல்ல. காலைல ஒரு பன்னு…”

“பன்னா! சக்கரைக்கு!” கம்பியைக் கீழே போட்டாள். கண் கலங்கியிருந்தது. “எனக்குச் சப்பாத்தியே புடிக்காது மாமா. தேய்ச்சித் தேய்ச்சி மணிக்கட்டு கழண்டு போவுது. ஆசையா சாப்புடுறாரேன்னு பல்லக் கடிச்சிக்கினு தேய்ச்சேன்.”

“உனக்காவது கடிக்கப் பல்லு இருந்திச்சி.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அழுக்குக் கையால் கண்ணைத் துடைக்கப் போனவளை, “ஏய், ஏய், கைய கழுவும்மா” என்று அவர் தடுத்து, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் கோதுமை ரவையைக் குழையக் காய்ச்சி, மோர் விட்டு, கொத்தமல்லித் துவையலோடு அவர் முன் வைத்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“மெய்யாச் சொல்லணும். எப்பிடி இருக்குது?”

சக்கரபாணி ஒரு வாய் குடித்தார். வழக்கம்போல நாக்கின் நுனிக்கு ஒரு பொய் வந்தது. அதை உள்ளே தள்ளினார்.

“உப்பு பத்தல.”

சுமலதாவின் முகம் மலர்ந்துபோயிற்று. “அப்பிடிச் சொல்லுங்க!”

“இன்னும் கொஞ்சம் தண்ணியா இருக்கலாம். அப்புறம் இந்தத் துவையல்ல புளி…”

“மாமா!”

“இன்னாம்மா?”

“ஒரு நாளைக்கு ஒண்ணு சொன்னா போதும்” என்றாள் அவள், உப்பு ஜாடியை எடுக்க எழுந்தபடி.